சடைக்குள் இருந்த ஆணி

உன் அம்மா அரிவாள்மனையைத் தொடுவதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

வைத்திக்குப்பம் மீன் அங்காடியில் வழக்கமான இடத்தில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். எடை போட்டார், ஐஸைத் தள்ளிவிட்டு சங்கராவை மேலே எடுத்துவைத்தார், விலை பேசினார். வாங்க வந்தவர் "சுத்தம் பண்ணிக் குடு" என்றதும், மீனைத் தூக்கிப் பக்கத்துக் கடைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அரிவாள்மனை அவர் காலடியிலேயே கிடந்தது. மேலே சாக்கு போட்டு மூடியிருந்தது.

"ஏங்க்கா, ரெண்டு மாசமா நான்தான் உன் மீனையும் வெட்டறேன். கையில என்னா நோவு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நோவு ஒண்ணுமில்ல. இரும்பு எனக்கு ஆவல," என்றார் உன் அம்மா.

நான் மீன் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

இதை உனக்கு எழுத வேண்டும் என்று இன்று முழுதும் தோன்றிக்கொண்டே இருந்தது. உன் அம்மாவின் மேல் விழுந்திருக்கும் பழியில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை உன் அப்பாவிடம் போய்ச் சொல்லப்போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீ ஒருமுறை என்னை நேராகக் கேட்டாய், நான் பொய் சொன்னேன்.

*

பள்ளியில் எனக்காகவும் நீதான் பேசுவாய். மிஸ் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே "அவளுக்குத் தெரியும் மிஸ், வாய்தான் வராது" என்பாய். வகுப்பே சிரிக்கும். உன்மேல் எனக்குக் கோபம் வரும். ஆனால் அடுத்த கேள்விக்கும் உன் முகத்தைத்தான் பார்ப்பேன்.

பதினொன்றாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நான் நின்றுவிட்டேன். அப்பா லோடு வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்து கிடந்த வருடம் அது. அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து சண்டை போட்டாய். "நீ வர்லன்னா நான் யாருக்குடி ஆன்சர் சொல்றது?" என்று கேட்டுவிட்டு அம்மா கொடுத்த டீயைக் குடிக்காமலே போனாய்.

எட்டு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சென்டரில் பார்த்தோம். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெண் நோயாளிகளை உள்ளே அழைத்துப்போய் உடை மாற்றவைத்து, நகை, ஊக்கு, கிளிப் எல்லாவற்றையும் கழற்றவைத்து, தாளில் "உடம்பில் உலோகம்: இல்லை" என்று குறிப்பது என் வேலை. நீ தலைவலி என்று வந்திருந்தாய். எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது என்றாய்.

"ஏய்! நீ டாக்டராயிட்டியா?"

"தரை தொடைக்கிற டாக்டர்."

"பரவால்லயே, பேசுற! ரெண்டு பேரா வேற தெரியுற. ஒருத்தியாவது பேசட்டும்."

அன்று சிரித்தோம். அன்று எடுத்த படத்தில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. மிஷினை இயக்குகிற அந்துவான் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது; அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு நீ சில வாரங்களுக்கு ஒருமுறை வந்தாய். ஒவ்வொரு முறையும் படத்துக்கான மருந்து ஏற்றக் கையில் ஊசி குத்தி வைத்துக்கொண்டு, மடியில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை விரித்துவைத்திருப்பாய். எழுத்து இரண்டாகத் தெரிவதால் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு படிப்பாய். உன் முறை வரும்வரை நான் பக்கத்தில் நிற்க அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார்.

"அந்த மிஷின் என்னைத் தேடல, தெரியுமா?" என்று ஒருநாள் ஆரம்பித்தாய். "என் தலையில இருக்கிற தண்ணியத் தேடுது. தண்ணியில ஹைட்ரஜன். அதுக்கு நடுவுல ஒரே ஒரு புரோட்டான். ஒவ்வொண்ணும் குட்டிக் காந்தம். உள்ள போனா அதெல்லாம் என்னா ஆவும், சொல்லு?"

"எல்லாம் ஒரே பக்கம் திரும்பிடும்," என்றேன். நோயாளிகளுக்கு அண்ணன் அப்படித்தான் சொல்வார்.

"அதான் இல்ல. நானும் அப்புடித்தான் நெனச்சேன். அளந்து பாத்தா ரெண்டே பதில்தான். காந்தம் போற பக்கம், இல்லனா அதுக்கு எதிர்ப்பக்கம்."

"நடுவுல சாஞ்சு நிக்காதா?"

"நிக்கலாம். ரெண்டும் கலந்தாப்புல. ஆனா நீ அளக்கறப்போ ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும். கால், அரை எல்லாம் கெடயாது."

"ஏன்?"

"ஏன்னு கேட்டா எங்க சாரே முழிக்கிறாரு. உலகம் அப்புடி இருக்கு, அவ்ளோதான்."

எனக்கும் ஒன்று தெரிந்திருந்தது. புதிதாக வந்த டாக்டரம்மாவுக்கு அண்ணன் விளக்கிக்கொண்டிருந்தபோது தரை துடைத்துக்கொண்டே கேட்டது. மெதுவாகச் சொன்னேன். "பாதிக்குப் பாதி எதிரும் புதிருமா நின்னுக்கும். ஒண்ண ஒண்ணு அடிச்சுடும். பத்து லட்சத்துல ஒரு சிலதுதான் காந்தத்துப் பக்கம் அதிகமா இருக்கும். படம் வரதே அந்த ஒரு சிலதாலதான்."

நீ பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "இது என் புக்ல இல்லடி," என்றாய். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாய். நான் சொன்ன ஒன்றை யாரோ எழுதிவைத்துக்கொண்டது என் வாழ்வில் அதுதான் முதல் தடவை.

ரேடியோ அலை விஷயத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் புரிந்துகொண்டோம். இரண்டு நிலைகளுக்கும் நடுவில் ஒரு படி. காந்தம் வலுவானால் படி உயரமாகும். அந்த உயரத்துக்குச் சரியாக இருக்கிற அலை வந்தால்தான் புரோட்டான் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குப் போகும். வேறு அலையை எவ்வளவு பலமாக அனுப்பினாலும் அசையாது. பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்போது தருகிற மெல்லிய அலையைத்தான் மிஷின் கேட்கிறது. கொழுப்பில் இருப்பது சீக்கிரம் திரும்பும், தண்ணீரில் இருப்பது தாமதமாகத் திரும்பும், கட்டியில் இருப்பது வேறு மாதிரி.

"உன்னைய மாதிரிதாண்டி," என்றாய். "மிஸ் எவ்ளோ கத்துனாலும் வாயே தெறக்க மாட்ட. நான் குசுகுசுன்னு கேட்டா எல்லாத்தையும் ஒப்பிச்சிடுவ."

உன் அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் பேசுவதில் ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியாது. உள்ளிருந்து வருகிற இடிச்சத்தம்தான் அவருக்குப் பயம். "அது எதை அடிக்குது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். எதையும் அடிக்கவில்லை, மிஷினுக்குள் இருக்கிற கம்பிச்சுருள் அதிர்கிற சத்தம் என்று நீ சொல்வாய். அவர் நம்பமாட்டார்.

*

நான்காவது முறை வந்தபோது உன் அம்மாதான் உனக்குச் சடை பின்னி அழைத்து வந்திருந்தார். உடை மாற்றும் அறையில் உன் தலையைத் தடவிப் பார்த்தேன். கிளிப் இல்லை. சடையின் அடியில், பிடரியை ஒட்டி, கறுப்பு நூலால் சுற்றின முடிச்சு ஒன்று கையில் தட்டுப்பட்டது. கடினமாக இருந்தது. நீ அந்தப் பக்கம் திரும்பி நின்று கம்மலைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

நான் நிமிர்ந்தேன். உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கூப்பவில்லை, கெஞ்சவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். வேண்டாம் என்று.

பழைய மரப்படகின் ஆணித்துண்டு அது. நோய்ப்பட்ட பிள்ளை வெளியே போகும்போது இரும்பு கூடவே இருக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டில் மட்டும் இல்லை, எங்கள் வீட்டிலும் உண்டு. அம்மை வந்தபோது என் தலைமாட்டிலும் சாவி வைத்தார்கள். அந்த அறைக்குள் இரும்பு போகக்கூடாது என்று எனக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் என்றால், சுவரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையை வாரத்துக்கு இரண்டு தடவை துடைப்பவள் நான். ஆனால் உன் அம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். "அத்த, இதை எடுத்தே ஆவணும்" என்ற வாக்கியம் தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

தாளில் "இல்லை" என்று குறித்தேன்.

உள்ளே போகும்போது யாரோ சடையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாய். அசையக்கூடாது என்று சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாயாம். முதல் படம் வந்ததுமே அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உன் பின்தலை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கறுப்புக் குழி. உன்னை வெளியே இழுத்துச் சடையை அவிழ்த்தார்கள். பிடரித் தோல் உரிந்து சிவந்திருந்தது. உன் தலையின் எடை அந்த முடிச்சை அழுத்திப் பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் கத்தினார்.

"யாரு இதை வச்சது? யாரு செக் பண்ணது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா முன்னால் வந்தார். "நான்தான் சாமி சொருவனேன். மறைச்சு வச்சேன். இந்தப் பொண்ணு பாக்கவே இல்ல. அது மேல தப்பில்ல."

என் வேலை அந்த ஒரு வாக்கியத்தில் தப்பியது. உனக்கு மறுபடி படம் எடுக்க ஒன்பது நாள் தள்ளிப் போட்டார்கள்.

போகும்போது நீ என்னைக் கேட்டாய். "நீதானே என் தலையைத் தொட்டுப் பாத்த. தெரியலையா?"

"இல்ல," என்றேன்.

என்னைப் பார்த்தாய். இரண்டாகத் தெரிந்த என்னில் எவளைப் பார்த்தாயோ. "சரி," என்றாய். அதன்பிறகு கேட்கவே இல்லை. ஒருமுறை அளந்துவிட்டால், அதே மாதிரி உடனே திரும்ப அளந்தால் அதே பதில்தான் வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால்தான் கேட்கவில்லையோ என்று இப்போது நினைக்கிறேன்.

இதுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது. நான் பார்த்தேன். கையால் தொட்டும் பார்த்தேன்.

*

ஒன்பதாம் நாள் எடுத்த படம் தெளிவாக வந்தது. அதற்குப்பின் ஆபரேஷன், அதற்குப்பின் வந்ததெல்லாம் உனக்குத் தெரியும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் நீ போய்விட்டாய்.

உனக்குத் தெரியாதது இது. அந்தக் கெட்ட படமும் உங்கள் வீட்டு உறைக்குள் போய்விட்டது. எதற்கோ அச்செடுத்து மேசைமேல் கிடந்ததை, பதற்றத்தில் சேர்த்துப் போட்டது நான்தான். உன் அப்பா அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுகிறார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு எல்லாம் காட்டியிருக்கிறார். "இதோ பாரு ஓட்டை. மிஷின் ஆணிய இழுத்துச்சு, ஆணி மூளையில ஓட்டை போட்டுச்சு. ரத்தத்துல இருக்கிற இரும்பையும் சேத்து உறிஞ்சிடுச்சு. வச்சவ வூட்டுக்குள்ள உக்காந்திருக்கா." நல்ல படத்தை யாராவது காட்டினால், ஓட்டையை மறைத்து எடுத்தது என்கிறார். உன் அம்மாவோடு அவர் பேசி மூன்று மாதம் ஆகிறது. தெருவும் அதையே நம்புகிறது. உன் அம்மாவும் நம்புகிறார். அரிவாள்மனையைச் சாக்கு போட்டு மூடியதற்கு வேறு காரணம் இல்லை.

எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அதனால் அண்ணனிடம் கேட்டேன், தயங்கித் தயங்கி, நான்கு நாட்களாக ஒவ்வொரு கேள்வியாக.

அந்தக் குழி குழியே இல்லை. மிஷினுக்குள் காந்தப்புலம் ஒழுங்காக இருந்தால்தான் எந்தப் புரோட்டான் எந்த இடத்தில் இருந்து பதில் சொல்கிறது என்று தெரியும். புலம் எவ்வளவோ அதற்கேற்ற வேகத்தில்தான் ஒவ்வொன்றும் பம்பரம் மாதிரி தலை சுற்றும். ஆணி பக்கத்தில் இருந்தால் அங்கே புலம் கோணிக்கொள்ளும். ஒட்டி ஒட்டி இருக்கிற புரோட்டான்களே ஆளுக்கொரு வேகத்தில் சுற்றும். அவற்றின் அலைகள் ஒன்றை ஒன்று அழித்துவிடும். மிஷினுக்கு ஒன்றும் கேட்காது. கேட்காத இடத்தைக் கறுப்பாகப் போடும். ஆணியை எடுத்துவிட்டால் அந்தப் புரோட்டான்கள் சில விநாடிகளில் பழையபடி ஆகிவிடும். அவற்றுக்கு ஒரு கீறலும் இல்லை.

"ரத்தத்துல இருக்கிற இரும்பு?" என்று கேட்டேன்.

"ஆணியில கோடி கோடி இரும்பு அணு ஒண்ணோட ஒண்ணு பேசி வச்சாப்புல ஒரே பக்கம் பாத்து நிக்கும். அதான் அந்த இழுப்பு. ரத்தத்துல ஒவ்வொண்ணும் தனித்தனியா அடங்கிக் கெடக்கு. இழுக்கிற அளவுக்கு அங்க ஒண்ணுமில்ல," என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த டாக்டர் எங்கள் சென்டருக்கு வந்தபோது நடைபாதையில் நிறுத்திக் கேட்டேன். ஒரு டாக்டரை நிறுத்திக் கேள்வி கேட்டது நான்தானா என்று இப்போதும் நம்பமுடியவில்லை. அந்த ஒன்பது நாள் முன்னாலேயே படம் கிடைத்திருந்தால்?

"அந்தக் கட்டி ஒன்பது நாள்ல வந்தது இல்லம்மா. ஒன்பது நாள்ல நிக்கிறதும் இல்ல," என்றார்.

அது எனக்கு ஆறுதல் இல்லை. நான் குறித்த "இல்லை" அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உன் அம்மா உன் தலையில் ஓட்டை போடவில்லை. இதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். அந்த முடிச்சைத் தொட்டவளும் நான்தான், அந்தப் படம் ஏன் கறுத்தது என்று தெரிந்தவளும் நான்தான்.

*

மேலே இருப்பதை ஞாயிறு இரவு எழுதினேன். இது செவ்வாய்க்கிழமை.

நேற்று வேலை முடிந்ததும் முதலில் அந்துவான் அண்ணனிடம் சொன்னேன். இன்னொருவர் வாய் வழியாக அவருக்குப் போய்ச் சேரக்கூடாது. கேட்டுவிட்டுக் கணினியை அணைத்தார்.

"இத என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாமே நீ."

"இருந்தேன் அண்ணா. முடியல."

"மேல சொல்லியே ஆவணும். வேலை போனாலும் போவும்."

"சொல்லுங்க அண்ணா."

"பேசவே தெரியாதுன்னு நெனச்சேன் உன்ன," என்றார். திட்டினாரா, வேறு எதுவோ, தெரியவில்லை.

அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு நடந்தேன். வீட்டுக்குப் போனால் போகமாட்டேன் என்று தெரியும். உன் அப்பா வாசலில் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வாம்மா. அவ இருந்தா இந்நேரம் பரிச்சைக்குப் படிச்சிக்கிட்டு இருப்பா," என்றார்.

"மாமா, அந்தப் படம் ரெண்டையும் குடுங்க."

"எதுக்கு? நீ பாக்காத படமா?"

"அத்தையும் வெளிய வரணும்."

அவர் முகம் மாறியது. உன் அம்மா ஏற்கெனவே கதவருகில் வந்து நின்றிருந்தார். உடை மாற்றும் அறையில் ஆட்டினது போலவே தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. இந்த முறை எனக்காக.

எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் மிஸ் எழுப்பி நிற்கவைத்த மாதிரியே நின்றேன். எனக்காகப் பேச உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுக்க யாரும் இல்லை.

"மாமா, அத்த ஆணி வச்சதை நான் பாத்தேன். தொட்டுப் பாத்தேன். அத எடுக்கச் சொல்றதுதான் என் வேலை. சொல்லல. இல்லன்னு எழுதிட்டேன். என்னைக் காப்பாத்த அத்த பொய் சொன்னாங்க. நீங்க பேசாம இருக்கறதா இருந்தா என்கூடப் பேசாதீங்க."

அவர் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஆனா ஓட்டை இல்ல மாமா. ஆணி ஓட்டை போடல. அந்த எடத்துல இருந்த அணுவெல்லாம் சொன்னது மிஷினுக்குக் கேக்கல, அவ்ளோதான். ஆணிய எடுத்தப்புறம் எல்லாம் பதில் சொல்லுச்சு. ரெண்டாவது படத்துல இருக்கு."

"எங்க?" என்றார். குரல் உடைந்திருந்தது. "எங்க இருக்கு, காட்டு."

உன் அம்மா உள்ளே போய் உறையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். இரண்டு படங்களையும் எடுத்து மேற்கே வானத்துக்கு நேராகப் பக்கத்தில் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன். உன் அப்பா எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார், உன் அம்மா இந்தப் பக்கம். கறுப்பாக இருந்த இடத்தை முதலில் தொட்டேன். பிறகு அடுத்த படத்தில் அதே இடத்தில், மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிறத்தில் முழுசாக இருந்த உன் பின்தலைமேல் விரலை வைத்தேன்.